ஆற்று மீனின் வயிற்றில் எத்தனை துகள்? அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

கேள்வி, ஜூன் 4

ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். ஒன்றில் நூறு மீனுக்குப் பன்னிரண்டு மீனில்தான் நுண்பிளாஸ்டிக். இன்னொன்றில் பிடித்த மீன் அத்தனையிலும். அப்படியானால் முதல் ஆறு சுத்தம், இரண்டாவது குப்பை என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த மீனைச் சாப்பிடலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

ஒரே வரியில் முடியாது. முதல் பாதிக்கு மட்டும் இப்போது: இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

பன்னிரண்டு சதவீதம் என்பது பிரான்ஸ் ஆறுகளில் பிடித்த கட்ஜன் என்ற சின்ன மீனைப் பற்றியதாக இருக்கும். 2014-இல் வந்தது. எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஆற்றுப் பக்கம் திரும்பிய ஆரம்பகால ஆய்வு அது. நூற்றுக்கு நூறு என்பது 2017-இல் தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா கழிமுகத்தின் நன்னீர்க் கரையோரம் பிடித்த பதினோரு இன மீன்கள். இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எவ்வளவு சிறிய துகள் வரை எண்ணினார்கள்? குடலைக் கரைத்துப் பார்த்தார்களா, பிரித்து வைத்துக் கண்ணால் தேடினார்களா? துணியிலிருந்து உதிரும் இழைகளைச் சேர்த்தார்களா, விட்டார்களா? இதில் ஒன்று மாறினாலே விடை எங்கேயோ போய்விடும்.

நான் சில காலம் ஓர் ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்தவன். மீன் குடலோடு நிறைய நேரம் போயிருக்கிறது. அதனால் இந்த மாதிரி சதவீதங்களைப் பார்த்தாலே முதலில் சல்லடை அளவு என்ன என்றுதான் தேடுவேன். கெட்ட பழக்கம், ஆனால் விடமுடியவில்லை.

ஜூன் 5

எப்படித்தான் எண்ணுகிறீர்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது.

மீனின் வயிற்றைக் கீறி, தொண்டை முதல் கழிவுத் துளை வரை குடலை அறுபடாமல் எடுத்து, கண்ணாடிக் குடுவையில் போடுவோம். அதன் மேல் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். நாற்பது டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நாள் விட்டால் சதை, கொழுப்பு, மீன் தின்ற புழு எல்லாம் கரைந்து பழுப்பாக ஒரு கலங்கல் நிற்கும். பூச்சியின் ஓடு, விதைத்தோல், மணல், பிளாஸ்டிக் ஆகியவை மிஞ்சும். சூட்டைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அறுபது டிகிரிக்குப் போனால் பாலியெஸ்டரும் அரிக்கப்படலாம். நைட்ரிக் அமிலம் ஊற்றினால் இன்னும் வேகம், நைலான் இருந்த இடமே தெரியாது. அவசரக்காரருக்கு எப்போதும் சுத்தமான மீன்தான் கிடைக்கும்.

அடுத்தது மணலைப் பிரிப்பது. உப்பு இனி கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த தண்ணீரில் கலங்கலைக் கொட்டுவோம். அதன் அடர்த்தி சுமார் 1.2 (சாதாரணத் தண்ணீர் 1). பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கும். பாலிஸ்டைரீனும் நைலானும் உப்புத் தண்ணீரில் மேலே வந்துவிடும். பாட்டிலுக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் மூலப்பொருளான பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38. அது மணலோடு கீழேயே உட்கார்ந்துகொள்ளும், பிவிசியும் அப்படியே. அவற்றை மேலே கொண்டுவர துத்தநாகக் குளோரைடு மாதிரி கனமான கரைசல் வேண்டும். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, கழிவைக் கையாள்வதும் தொல்லை. ஆகவே பலர் உப்போடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்ற ஆய்வில் “பாலியெஸ்டர் குறைவு” என்று எழுதியிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் வடிதாள், நுண்ணோக்கி. வெள்ளைத் தாளின் மேல் ஒரு நீல இழை வளைந்து கிடக்கும், தலைமுடியைவிட மெல்லியது, முழு நீளத்துக்கும் ஒரே தடிமன், செல் சுவர் எதுவும் தெரியாது. ஊசி நுனியைச் சூடாக்கி அதன் அருகே கொண்டுபோனால், பிளாஸ்டிக்காக இருந்தால் சட்டென்று சுருண்டுகொள்ளும். பருத்தி அப்படிச் செய்யாது. முதல் இழை சுருண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்றை விட்டுவிட்டுப் போனால் கதை முழுமையாகாது. மீனே போடாத ஒரு குடுவையையும் எல்லாக் குடுவைகளோடும் சேர்த்து நடத்துவோம். அதே கரைசல், அதே சூடு, அதே வடிதாள். கடைசியில் அதிலும் இழை இருக்கும். அறைக் காற்றில் துணி இழை எப்போதும் மிதந்துகொண்டிருக்கிறது, மூடி திறந்த சில நொடி போதும்.

எங்களுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பருத்திக் கோட்டு தந்திருந்தார்கள். வடிதாளில் ஆரஞ்சு இழை தெரிந்தால் அது மீன் தின்றதல்ல, நாங்கள் உதிர்த்தது. ஃப்ளீஸ் (இழை உதிரும் பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் துணி) ஜாக்கெட் போட்டு வந்தவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் வாசலோடு சரி.

ஜூன் 8

“அப்படியானால் எல்லாமே ஆய்வகத் தூசு, மீனில் ஒன்றும் இல்லை” என்று ஒருவர் முடிவுக்கே வந்துவிட்டார். நிதானம்.

சிகாகோவில் லயோலா பல்கலைக்கழகத்தினரும் ஃபீல்டு அருங்காட்சியகத்தினரும் சேர்ந்து செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. அருங்காட்சியக நிலவறையில் சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கும் பழைய நன்னீர் மீன்கள்: பாஸ், கெளுத்தி வகை, சின்ன ஷைனர், கோபி. 1900 தொடங்கி நம் காலம் வரை பத்தாண்டு பத்தாண்டாக எடுத்து, குடலைத் திறந்து, கரைத்துப் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய மீன்களில் பிளாஸ்டிக் இல்லை. 1950-களிலிருந்து தென்பட ஆரம்பித்து, ஏறிக்கொண்டே வருகிறது. அதிலும் பெரும்பாலானவை துணி இழைகள்.

இதன் அழகு எங்கே என்றால், பழைய மீனையும் புதிய மீனையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் திறந்திருக்கிறார்கள். இழையெல்லாம் அறைக் காற்றிலிருந்து வந்தது என்றால் 1900-ஆம் ஆண்டு மீனின் குடலிலும் அதே அளவு இருக்க வேண்டும். காற்றுக்குத் தேதி பார்க்கத் தெரியாது.

ஜூன் 8, மாலை

ஆனால் சந்தேகப்பட்டவரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சாயம் ஏறிய இழையெல்லாம் பிளாஸ்டிக் அல்ல. உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரில் எடுத்த இழைகளை 2020-இல் ஒரு குழு வேதியியல் முறையில் சோதித்தபோது, செயற்கை இழை 8 சதவீதம் சொச்சம்தான். பெரும்பகுதி பருத்தி மாதிரி செல்லுலோஸ், கொஞ்சம் கம்பளி. அது கடல் நீர், ஆற்று மீன் அல்ல. ஆனாலும் ஆற்றில் கண்ணால் பார்த்து “நீலம், ஆகவே பிளாஸ்டிக்” என்று எழுதிய எண்ணிக்கைகள் மேல் அதற்கப்புறம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒளியைப் பாய்ச்சிப் பொருள் எதுவென்று காட்டும் இன்ஃப்ராரெட் அல்லது ராமன் கருவியில் வைத்து உறுதி செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை துகளை அப்படிச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். சில சமயம் அது ஒரு கைப்பிடிதான்.

ஜூன் 12

கேள்விக்கு மறுபடி வருகிறேன். மீன் குடலில் இருப்பது என்ன? அந்த மீன் வாழ்நாளில் தின்ற பிளாஸ்டிக் அல்ல. நேற்றும் இன்றும் தின்றது மட்டும்.

தங்கமீனுக்குத் தீவனத்தில் நுண்மணிகளையும் இழைகளையும் கலந்து கொடுத்துப் பார்த்த சோதனை 2017-இல் வந்தது. பெரும்பகுதி ஒன்றிரண்டு நாளிலேயே கழிவோடு வெளியேறிவிட்டது. தீவனத்தோடு வந்தது, தீவனத்தோடு போனது. ஆகவே ஒரு மீனில் மூன்று துகள் என்றால், பிடித்த நேரத்தில் மூன்று துகள் வழியில் இருந்தன, அவ்வளவே. கடைசிப் பேருந்திலிருந்து இறங்கியவர்களை எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

ஆறு எவ்வளவு பிளாஸ்டிக்கைச் சுமக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மீனை விட்டுவிட்டு அடிமண்ணைத் தோண்ட வேண்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் சுற்றுவட்டார ஆறுகளில் நாற்பது இடங்களில் அப்படிச் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். டேம் ஆற்றின் ஒரு இடத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் துகள்கள். 2015–16 குளிர்கால வெள்ளம் போன பிறகு அதே இடங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தால், மொத்தத்தில் சுமார் 70 சதவீதம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த வெள்ளத்துக்கு முதல் வாரம் மீன் பிடித்தவருக்கு ஒரு எண், வெள்ளத்தின்போது பிடித்தவருக்கு ஒரு எண், வடிந்த பிறகு வந்தவருக்கு இன்னொரு எண் கிடைத்திருக்கும். மூவரும் ஒரே ஆற்றில் நின்றவர்கள்.

ஜூன் 13

“வெள்ளம் சுத்தம் செய்துவிட்டதே, நல்லதுதானே!” கடலிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த மான்செஸ்டர் கதைக்குத் தொடர்ச்சியும் உண்டு. 2021-இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள், மழையில்லாத நாட்களிலும் ஆற்றுப்படுகையில் இவ்வளவு பிளாஸ்டிக் சேர்வது எப்படி என்று துருவிப் பார்த்தார்கள். சாதாரணமாக, சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காகக் கடந்து வரும் கழிவுநீரில் நுண்பிளாஸ்டிக்கின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். சுத்திகரிக்காமல் திறந்துவிட்டால்தான் படுகையில் இப்படிக் குவியும், அதுவும் ஆறு மெதுவாக ஓடும் வறண்ட நாட்களில், என்பது அவர்கள் முடிவு. அதாவது இது தவிர்க்கக்கூடிய அழுக்கு. இதைப் படித்த பிறகு, கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு எவ்வளவு தூரத்தில் மீன் பிடித்தார்கள் என்று சொல்லாத ஆய்வு எனக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது. ரியோ டி லா பிளாட்டாவிலும் கழிவுநீர் விழும் இடத்துக்கு அருகே பிடித்த மீன்களில்தான் அதிகம் இருந்தது. மீன் பெரிதா சிறிதா, எதைத் தின்னும் என்பதெல்லாம் அங்கே வித்தியாசம் காட்டவில்லை.

பிடிபட்டது எங்கே போகிறது? சேற்றுக் கழிவில். அந்தச் சேறு பல நாடுகளில் உரமாக வயலுக்குப் போகிறது. வயலிலிருந்து மழை எங்கே இழுத்துவரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 17

சாப்பிடலாமா? தள்ளிப்போட்டது போதும்.

இதுவரை எண்ணியதில் பெரும்பகுதி குடலில், செவுளில் கிடப்பது. குடலை எடுத்துவிட்டுச் சதையைத் தின்றால் அந்தப் பங்கு போய்விடுகிறது. சதைக்குள் போவதற்குத் துகள் மிகமிகச் சிறியதாக இருக்க வேண்டும். சதையில் கண்டோம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அந்த அளவில் காற்றுத் தூசைப் பிரித்தறிவது குடலைவிடப் பல மடங்கு கடினம், அதனால் அவற்றைக் கவனமாகத்தான் படிப்பேன். மனித உடலைப் பொறுத்தவரை, 150 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள் குடல்சுவரைத் தாண்டி உள்ளே போக வாய்ப்புக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் குடிநீர் பற்றிய அறிக்கையில் சொன்னது. பெரும்பாலும் வந்தபடியே வெளியேறிவிடும். அதைவிடச் சிறியவற்றைப் பற்றித்தான் கவலை. நுண்ணோக்கியில் நாங்கள் வசதியாக எண்ணியதோ பெரியவற்றை.

நான் ஆற்று மீன் சாப்பிடுகிறேன். குடலை முழுதாக எடுத்து, வயிற்றின் உட்புறத்தை நன்றாகக் கழுவுவேன். ஓர் ஆற்று மீனை வேண்டாம் என்று ஒதுக்க எனக்கு வேறு காரணங்கள் முன்னால் நிற்கின்றன: பாதரசம், பிசிபி (பழைய மின்சாதனங்களில் பயன்பட்ட நச்சு வேதிப்பொருள்). பல ஆறுகளில் “இந்த மீனை மாதம் இத்தனை முறைக்கு மேல் தின்னாதீர்கள்” என்று எச்சரிக்கை இருப்பது இவற்றுக்காகத்தான். பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே வரிசையில் நின்றவை.

ஜூன் 17, இரவு

“முழுசாகத் தின்னும் பொடி மீனை விட்டுவிட்டீர்களே” என்று சரியாகப் பிடித்தார் ஒருவர். ஆமாம், அங்கே குடலும் சேர்த்துத்தான் வயிற்றுக்குள் போகிறது, மேலே சொன்ன ஆறுதல் செல்லாது. பொடி மீனையும் குடல் நீக்கி உண்ண முடியும், பொறுமை இருந்தால். எனக்கு இல்லை.

ஜூன் 18

ஆய்வகத்தில் என்னோடு இருந்தவர்களில் மீனை விட்டவர் யாரும் இல்லை. ஃப்ளீஸை விட்டவர்கள் உண்டு.

ஜூன் 23

நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மீனுக்கு என்ன ஆகிறது என்று ஒருவர் கோபப்பட்டார். நியாயமான கோபம்.

சோதனைத் தொட்டியில் மீனுக்கு வரும் கெடுதல்களின் பட்டியல் நீளம்: குடல் அழற்சி, பசி குறைவது, வளர்ச்சி தளர்வது. ஆனால் அந்தச் சோதனைகளில் பலவற்றில் கொடுத்தது உருண்டையான, புத்தம்புதிய பாலிஸ்டைரீன் மணி, அதுவும் எந்த ஆற்றிலும் காணாத அளவில். ஆற்றில் மீன் விழுங்குவது பழைய இழை. வெயிலில் வெளுத்து, மேலே பாசியும் பாக்டீரியாவும் படிந்து, சாயம் ஊறியது. இரண்டும் ஒன்றல்ல. இந்த இடைவெளி இப்போது மெல்லக் குறைந்துவருகிறது.

ஒரு இடத்தில் மட்டும் சாவுக்கும் காரணத்துக்கும் நேர்க்கோடு போட முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கில், சியாட்டில் பக்கம், முட்டையிடக் கடலிலிருந்து ஓடைகளுக்கு ஏறிவரும் கோஹோ சால்மன்கள் மழை பெய்தவுடன் சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. வயிற்றில் முட்டை அப்படியே இருக்கும். பல வருடம் காரணம் புரியவில்லை. பூச்சிக்கொல்லியா, உலோகமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, 2020 டிசம்பரில் விடை சொன்னார்கள்: டயர். ரப்பர் ஓசோன் பட்டு விரிசல் விடாமல் இருக்க 6பிபிடி என்று ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. சாலையில் தேய்ந்த டயர்த் தூளிலிருந்து மழைநீர் அதைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுவருகிறது. அதே ஓடையில் சம் சால்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெருங்கிய இனம்தான்.

ஜூன் 24

கோஹோ சால்மனைக் கொல்லும் 6பிபிடி-குயினோன் அளவு பற்றி இரண்டு வெவ்வேறு எண்களைப் பார்த்துக் குழம்பியவருக்கு: இரண்டும் டயரைக் கண்டுபிடித்த அதே குழு சொன்னவைதான். முதலில் லிட்டருக்கு சுமார் 0.8 மைக்ரோகிராம் என்றார்கள். தரப்படுத்திய மாதிரிப் பொருள் கிடைத்த பிறகு 2022-இல் 0.095 என்று திருத்தினார்கள். எட்டு மடங்கு குறைந்த அளவே போதும் என்றாகிவிட்டது. வானவில் ட்ரவுட்டும் இதைத் தாங்காது என்று அப்புறம் தெரிந்தது.

இதில் என்னை உறுத்துவது வேறு. டயர்த் தூளும் நுண்பிளாஸ்டிக் கணக்கில் சேர வேண்டியதுதான், ஆனால் அது கறுப்பு. கரிப்பொடி கலந்திருப்பதால் இன்ஃப்ராரெட் ஒளியை விழுங்கிக்கொள்ளும், வழக்கமான கருவியில் தெளிவான அடையாளம் வராது. ஆகவே மீன் குடலில் “இத்தனை பிளாஸ்டிக்” என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும் பெரும்பாலான எண்களில் டயர் சேரவே இல்லை. நாங்களும் கறுப்புத் துகளைப் பார்த்தால் கரி என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம். மீனைக் கொன்றதாகத் தெளிவாக நிரூபணமான சரக்கு, எண்ணுகிறவர் மேசையில் குப்பை.

ஜூன் 29

தடை, சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

முகம் தேய்க்கும் கிரீமில் போடும் பிளாஸ்டிக் நுண்மணிகளை அமெரிக்கா 2015-இல் சட்டம் போட்டு நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இன்னும் அகலமாக, வேண்டுமென்றே சேர்க்கப்படும் எல்லா நுண்பிளாஸ்டிக்கையும் குறிவைத்தது. நல்லதுதான். ஆனால் மீன் குடலில் நான் பார்த்தது மணி அல்ல, இழை. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் ஏழு லட்சத்துக்கு மேல் இழை உதிரும் என்று பிளிமத் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் கணக்கிட்டார்கள். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் துவைப்பு இயந்திரத்தின் வடிகட்டியும் துணியின் நெசவும்தான் பேச வேண்டியவை.

தொழிற்சாலைக் குருணையையும், அதாவது பொருள் செய்ய ஆலைக்கு வரும் பிளாஸ்டிக் மூலப்பொருள் மணிகளையும், மறந்துவிடக் கூடாது. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றில் 2010 முதல் 2012 வரை வலை வைத்துப் பிடித்தவர்களுக்கு மீன் குஞ்சைவிட பிளாஸ்டிக் துண்டு அதிகம் கிடைத்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஆலைகளின் மூலப்பொருள். துவைத்தவரை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஜூலை 3

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “அப்போ எந்த எண்ணைத்தான் பார்ப்பது?” என்கிறார்.

ஒரே குழு, ஒரே முறையில், அதே இடத்தில் வருடக்கணக்கில் எடுத்த எண்ணைப் பாருங்கள். ஒரு ஆற்றை அதன் நேற்றோடு ஒப்பிடலாம், அடுத்த ஆற்றோடு வேண்டாம். கழிவுநீர்க் குழாய்க்கு மேலே பிடித்த மீன், கீழே பிடித்த மீன் என்று ஒரே நாளில் பிரித்து எடுத்திருந்தால் அது இன்னும் நல்லது. மீனே போடாத குடுவையில் எத்தனை வந்தது என்று சொல்லியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

ஜூலை 4

படிப்புக்காக இதைச் செய்யப்போகிறேன், எந்த மீனை எடுக்கலாம் என்று கேட்ட மாணவிக்கு: இடம் பெயராத, அடிமண்ணைக் கிளறித் தின்னும் சிறு மீன். ஊர் ஊராக நீந்தும் பெரிய மீன் எங்கே தின்றது என்று உங்களுக்குத் தெரியாது. பிடித்தவுடன் பனிக்கட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பிடிபட்ட அதிர்ச்சியில் தின்றதைக் கக்கிவிடும் இனங்கள் உண்டு. மீன் பிடித்த இடத்திலேயே ஒரு கண்ணாடிக் குப்பியில் அடிமண்ணும் எடுத்துக்கொள்ளுங்கள். வலை நைலானாக இருந்தால் அதன் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதே நிற இழை குடலில் வந்தால் ஒப்பிட வேண்டியிருக்கும். கறுப்புத் துகளையும் எண்ணி, என்னவென்று தெரியாவிட்டாலும் தனிப் பத்தியில் எழுதுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டியே வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள்.